திருப்பதிக்குச் சொந்த வாகனத்தில் செல்வோர் கவனத்துக்கு: காரை எங்கே நிறுத்துவது, மலைப்பாதையில் எப்படி இறங்குவது?

திருப்பதி: சென்னையிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர், வேலூரிலிருந்து சித்தூர் வழியாக நூறு கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதல். தமிழ்நாட்டிலிருந்து சொந்த வாகனத்தில் திருப்பதிக்குச் செல்வோர் இந்தத் தொலைவைப் பெரிதாக எண்ணுவதில்லை. அதிகாலையில் புறப்பட்டு, மலையேறி, தரிசனம் முடித்து, இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம் என்று பல குடும்பங்கள் கணக்கிடுகின்றன. ஆனால் இந்தக் கணக்கில் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறவர், வாகனத்தை ஓட்டுகிறவர். வரிசையில் பல மணி நேரம் உறக்கமின்றிக் காத்திருந்த அதே மனிதர்தான் 36 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து குடும்பத்தைக் கீழே இறக்க வேண்டும். அதன் பின் இருட்டில் நெடுஞ்சாலையிலும் ஓட்ட வேண்டும்.

ஆகவே திருப்பதிப் பயணத்தில் முதலில் எடுக்க வேண்டிய முடிவு, வாகனத்தை மலைமேல் கொண்டு செல்வதா, அடிவாரத்திலேயே நிறுத்துவதா என்பதுதான். அந்த முடிவுக்குத் தேவையான விவரங்களை இந்தத் தொகுப்பில் காணலாம்.

எந்த வழியில் செல்வது?

சென்னையிலிருந்து செல்வோருக்கு வழக்கமான பாதை தேசிய நெடுஞ்சாலை 716. திருவள்ளூர், திருத்தணி, நகரி, புத்தூர் வழியாக இது திருப்பதியை அடைகிறது. செங்குன்றம், ஊத்துக்கோட்டை, நாகலாபுரம் வழியாகப் புத்தூரை அடையும் மாற்றுப் பாதையும் உண்டு. வடசென்னைப் பகுதியினர் சிலர் கொல்கத்தா நெடுஞ்சாலையில் நாயுடுபேட்டை வரை சென்று, அங்கிருந்து ஸ்ரீகாளஹஸ்தி வழியாகத் திரும்புகின்றனர். தொலைவு கூடினாலும், காளஹஸ்தி தரிசனத்தையும் சேர்த்துக்கொள்வோருக்கு இது பொருந்தும்.

வேலூர், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி உள்ளிட்ட மாவட்டங்களிலிருந்து வருவோருக்குச் சித்தூரே நுழைவாயில். காட்பாடி, கிறிஸ்டியான்பேட்டை வழியாக மாநில எல்லையைக் கடந்தால் சித்தூர். அங்கிருந்து பூதலப்பட்டு வரை தேசிய நெடுஞ்சாலை 40, அதன் பிறகு சந்திரகிரி வழியாகத் திருப்பதி வரை தேசிய நெடுஞ்சாலை 140. காணிப்பாக்கம் விநாயகர் கோயில் சித்தூரிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதால், இவ்வழியே வருவோர் அங்கும் சென்று வருவது வழக்கம்.

பெங்களூரு பக்கத்திலிருந்து முல்பாகல், பலமனேர் வழியாகச் சித்தூர் வருவோர் மொகிலி மலைச்சரிவில் கூடுதல் கவனத்துடன் ஓட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் ஆந்திர அரசுப் பேருந்தும் லாரியும் மோதிப் பலர் உயிரிழந்தது இந்தச் சரிவில்தான். மதனப்பள்ளி வழியாக வருவோருக்குப் பாகராபேட்டை மலைப்பாதையும் அத்தகையதே. 2022 மார்ச் மாதம் திருமண நிச்சயதார்த்தத்துக்காகத் திருப்பதிக்குச் சென்றுகொண்டிருந்தவர்களின் பேருந்து அங்கு பள்ளத்தில் கவிழ்ந்தது. இரண்டு இடங்களிலும் சரிவு நீளமானது. கனரக வாகனப் போக்குவரத்தும் உண்டு.

எல்லை தாண்டும்போது தேவைப்படும் ஆவணங்கள்

சித்தூரும் திருப்பதியும் தமிழ்நாட்டோடு நெருங்கிய ஊர்கள். 1911ஆம் ஆண்டு சித்தூர் மாவட்டம் உருவானபோது, அதன் ஒரு பகுதி அன்றைய வட ஆற்காடு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. திருத்தணி 1960இல்தான் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தது. திருப்பதி 2022 ஏப்ரல் 4 முதல் தனி மாவட்டமாக இயங்கி வருகிறது. கடைத்தெருவிலும் விடுதிகளிலும் தமிழ் பேசுவோரை எளிதில் காணலாம். எனினும் போக்குவரத்து விதிகளைப் பொறுத்தவரை இது வேறொரு மாநிலம் என்பதை ஓட்டுநர்கள் மறந்துவிடக் கூடாது.

சொந்தப் பயன்பாட்டுக்கான வெள்ளை எண் பலகை வாகனங்கள் சில நாள் பயணத்துக்காக ஆந்திரத்துக்குள் நுழைய தனி அனுமதியோ வரியோ தேவையில்லை. ஒரு வாகனத்தை 12 மாதங்களுக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால்தான் மறுபதிவு செய்ய வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் கூறுகிறது. ஓட்டுநர் உரிமம், பதிவுச் சான்று, காப்பீடு, மாசுக் கட்டுப்பாட்டுச் சான்று ஆகியவை கையில் இருக்க வேண்டும். டிஜிலாக்கர் அல்லது எம்-பரிவாகன் செயலியில் உள்ள மின்னணு ஆவணங்களும் சட்டப்படி செல்லும்.

வாடகைக்கு எடுக்கும் வேன், டெம்போ டிராவலர், கார் ஆகியவற்றின் நிலை வேறு. அவை மஞ்சள் எண் பலகை கொண்டவையாகவும், அகில இந்தியச் சுற்றுலா அனுமதி பெற்றவையாகவும் இருக்க வேண்டும். செலவு குறையும் என்று தெரிந்தவர் ஒருவரின் வெள்ளை எண் பலகை வாகனத்தை வாடகைக்கு அமர்த்துவோர் உண்டு. வழியில் சோதனையில் சிக்கினால் வாகனம் தடுத்து நிறுத்தப்படலாம். அதைவிடப் பெரிய இழப்பு விபத்து நேரும்போதுதான் தெரியவரும்: விதியை மீறி வாடகைக்கு ஓடிய வாகனம் என்ற காரணத்தைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பேற்க மறுக்கக்கூடும். குடும்பத்தோடு பயணம் செய்வோர் புறப்படும் முன்பே அனுமதிச் சீட்டைக் கேட்டுப் பார்ப்பது நல்லது.

இருசக்கர வாகனத்தில் ஓட்டுபவரும் பின்னால் அமர்ந்திருப்பவரும் தலைக்கவசம் அணிவது கட்டாயம். தவறினால் மோட்டார் வாகனச் சட்டப்படி 1,000 ரூபாய் அபராதமும், ஓட்டுநர் உரிமம் மூன்று மாதம் இடைநீக்கமும் செய்யப்படலாம். காரில் இருக்கைப் பட்டை அணியாவிட்டாலும் அபராதம் 1,000 ரூபாய்.

சேஷாசலம் வனப்பகுதியில் செம்மரக் கடத்தலைத் தடுக்க ஆந்திரக் காவல் துறை தனிப் படை வைத்துள்ளது. ஆகவே இரவு நேரங்களில் வாகனச் சோதனை நடந்தால் பதற்றப்படத் தேவையில்லை. அதே நேரத்தில், வழியில் அறிமுகமற்றவர்களை ஏற்றிக்கொள்வதையும், பிறர் தரும் மூட்டைகளை வாங்கி வைத்துக்கொள்வதையும் தவிர்க்க வேண்டும்.

பலகையில் உள்ள தெலுங்குச் சொற்கள்

நெடுஞ்சாலைப் பலகைகளில் ஆங்கிலமும் இருக்கும். நகரத் தெருக்களில் தெலுங்கு மட்டும் இருப்பதுண்டு. போக்குவரத்துக் காவலரும் தெலுங்கில்தான் வழி சொல்வார். சில சொற்களைக் கேட்டுப் பழகியிருந்தால் போதும். ‘எடம’ என்றால் இடப்புறம். ‘குடி’ என்றால் வலப்புறம். ‘ஆகண்டி’ என்றால் நிறுத்துங்கள். ‘நெம்மதிகா’ என்றால் மெதுவாக. ‘மலுபு’ என்பது வளைவு. ‘பிரவேசம் லேது’ என்ற இடத்தில் நுழையக் கூடாது. ‘வாகனமுலு நிலபராது’ என்று எழுதியிருந்தால் அங்கே வாகனத்தை நிறுத்தக் கூடாது. ‘கொண்ட’ என்பது மலை. ‘கொண்டகு’ என்று காவலர் கேட்டால், மலைக்குப் போகிறீர்களா என்று பொருள்.

நகருக்குள் நுழையாமல் அலிபிரி செல்லலாம்

திருப்பதி நகரின் மையப் பகுதி, குறிப்பாக ரயில் நிலையம், கோவிந்தராஜ சுவாமி கோயிலைச் சுற்றிய தெருக்கள், குறுகலானவை. எந்த நேரமும் நெரிசல் மிக்கவை. மலைக்குச் செல்வதே நோக்கம் என்றால் அந்தத் தெருக்களுக்குள் காரைக் கொண்டு செல்ல வேண்டியதில்லை.

சென்னை, ஸ்ரீகாளஹஸ்தி பக்கமிருந்து வருவோருக்காகக் கட்டப்பட்டதே ஸ்ரீநிவாச சேது மேம்பாலம். சுமார் 7 கிலோமீட்டர் நீளமுள்ள இது 2023 செப்டம்பரில் முழுமையாகத் திறக்கப்பட்டது. திருச்சானூர் சாலைப் பகுதியில் ஏறினால் நகர நெரிசலுக்கு மேலாகச் சென்று கபில தீர்த்தம் அருகே இறங்கலாம். அங்கிருந்து அலிபிரி மிக அருகில் உள்ளது. சித்தூர் பக்கமிருந்து வருவோர் சந்திரகிரியைக் கடந்து, செர்லோபள்ளி சந்திப்பு, வெங்கடேஸ்வரா உயிரியல் பூங்கா வழியாக அலிபிரியை அடையலாம்.

மேலே கொண்டு செல்வதா, கீழே நிறுத்துவதா?

இதற்கு விடை தரிசன நேரத்தைப் பொறுத்தது. முன்பதிவு செய்தவர்களுக்கு நேரம் முன்கூட்டியே தெரியும். இலவசத் தரிசனத்துக்கான நேர ஒதுக்கீட்டு டோக்கன்கள் அடிவாரத்தில், அலிபிரி பூதேவி வளாகம், பேருந்து நிலையம் அருகே உள்ள ஸ்ரீநிவாசம், ரயில் நிலையம் எதிரே உள்ள விஷ்ணு நிவாசம் ஆகிய இடங்களில் வழங்கப்படுவது வழக்கம். டோக்கனில் குறிக்கப்பட்ட நேரம் அன்றிரவோ மறுநாளோ என்றால், உடனே காரை மேலே ஓட்டிச் செல்வதில் பயனில்லை. மேலே தங்கும் அறை கிடைக்கவில்லை என்றால், ஓட்டுநர் காரின் இருக்கையிலேயே இரவைக் கழிக்க நேரிடும்.

திருமலையில் ஓர் இரவு தங்க அறை உறுதியாகியிருந்தால், அல்லது முதியோரும் கைக்குழந்தைகளும் உடன் இருந்தால், வாகனத்தை மேலே கொண்டு செல்வது பொருத்தம். தரிசனம் முடித்து அன்றே திரும்புவதாக இருந்தால், அலிபிரி அருகே உள்ள வாகன நிறுத்துமிடத்திலோ நகரில் தங்கும் விடுதியிலோ நிறுத்திவிட்டு, ஆந்திர அரசுப் பேருந்தில் மலையேறுவது நல்லது. நாள் முழுவதும் பேருந்துகள் அடிக்கடி இயக்கப்படுகின்றன. 2022 செப்டம்பர் முதல் மின்சாரப் பேருந்துகளும் இந்தப் பாதையில் ஓடுகின்றன. இறங்கும்போது குடும்பத்தினரோடு ஓட்டுநரும் பேருந்தில் சற்றுக் கண்ணயரலாம்.

நடந்து மலையேறுவோர் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். அலிபிரியிலிருந்து செல்லும் படிப்பாதையில் சுமார் 3,550 படிகள் உள்ளன. ஸ்ரீநிவாச மங்காபுரம் அருகே தொடங்கும் ஸ்ரீவாரி மெட்டுப் பாதையில் 2,388 படிகள். ஸ்ரீவாரி மெட்டில் காரை நிறுத்திவிட்டு ஏறினால், இறங்கும் பேருந்து உங்களைத் திருப்பதியில் விடும். அங்கிருந்து மீண்டும் ஸ்ரீவாரி மெட்டுக்குச் சென்று காரை எடுக்க வேண்டும். அலிபிரியில் நிறுத்தினால் இந்த அலைச்சல் குறைவு.

புரட்டாசி சனிக்கிழமைகள், பிரம்மோற்சவம், வைகுண்ட ஏகாதசி, ரத சப்தமி, தொடர் விடுமுறை நாள்கள் ஆகியவற்றின்போது மலைமேல் உள்ள நிறுத்துமிடங்கள் விரைவில் நிரம்பிவிடும். பிரம்மோற்சவத்தின் ஐந்தாம் நாளான கருட சேவையையொட்டி, மலைப்பாதையில் இருசக்கர வாகனங்களுக்குத் தடை விதிக்கப்படுவது வழக்கம். அந்த நாள்களில் வெளியூர் வாகனங்களுக்காக நகரின் பல மைதானங்கள் தற்காலிக நிறுத்துமிடங்களாக மாற்றப்படும். காவல் துறை அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் புறப்பட வேண்டும்.

அலிபிரி சோதனைச் சாவடி

மலையேறும் எல்லா வாகனங்களும் அலிபிரியில் சோதனை செய்யப்படும். பயணிகள் இறங்கி, பைகளை எக்ஸ்ரே கருவியில் வைத்து எடுத்துக்கொண்டு, மறுபுறம் வந்து வாகனத்தில் ஏற வேண்டும். ஆகவே பைகளை எளிதில் இறக்கும் வகையில் அடுக்கி வைத்தால் நேரம் மிச்சமாகும். மது, சிகரெட் உள்ளிட்ட புகையிலைப் பொருள்கள், அசைவ உணவு, ஆயுதங்கள், டிரோன் ஆகியவற்றுக்கு அனுமதி இல்லை. ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்களுக்கும் திருமலையில் தடை உள்ளது. குடிநீரை எவர்சில்வர் அல்லது செம்புப் பாத்திரத்தில் கொண்டு செல்லலாம். கட்சிக் கொடி கட்டிய வாகனங்கள் அதை அகற்றிவிட்டே மேலே செல்ல வேண்டும்.

2025 ஆகஸ்ட் 15 முதல் திருமலைக்குச் செல்லும் வாகனங்களுக்குப் பாஸ்டேக் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. இல்லாதவர்கள் அலிபிரியிலேயே பெற்றுக்கொள்ளும் ஏற்பாடும் செய்யப்பட்டுள்ளது. எனினும் விழா நாளில் அங்கு நின்று வாங்குவதைவிட, வீட்டிலிருந்து புறப்படும் முன்பே கணக்கில் போதிய தொகை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது எளிது. தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் பாஸ்டேக் இல்லாமல் ரொக்கமாகச் செலுத்தினால் இரு மடங்கும், யுபிஐ மூலம் செலுத்தினால் ஒன்றேகால் மடங்கும் கட்டணம் வசூலிக்கும் முறை 2025 நவம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்தது.

ஏறும் பாதை வேறு, இறங்கும் பாதை வேறு

திருமலைக்கு இரண்டு மலைப்பாதைகள் உள்ளன. 1944 ஏப்ரலில் திறக்கப்பட்ட பழைய பாதை இப்போது இறங்குவதற்கும், 1970களில் அமைக்கப்பட்ட இரண்டாவது பாதை ஏறுவதற்கும் பயன்படுகின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 18 முதல் 19 கிலோமீட்டர் நீளம் கொண்டது. ஒருவழிப் பாதை என்பதால் எதிரே வாகனம் வராது. பலரை அளவுக்கு மீறிய வேகத்துக்குத் தூண்டுவதும் அதுதான்.

வேகத்தைக் கட்டுப்படுத்த நேரக் கணக்கு ஒன்று நடைமுறையில் உள்ளது. ஏறுவதற்குக் குறைந்தது 28 நிமிடமும் இறங்குவதற்குக் குறைந்தது 40 நிமிடமும் எடுத்துக்கொள்ள வேண்டும். முன்னதாகவே சாவடியை அடையும் வாகனங்கள் மீது நடவடிக்கை எடுக்கப்படும். வேகமாக வந்துவிட்டு, சாவடிக்குச் சற்று முன்னால் வளைவில் ஒதுங்கிக் காத்திருப்பது இன்னும் ஆபத்தானது. ஏறும் நேரத்தைவிட இறங்கும் நேரம் அதிகமாக வைக்கப்பட்டிருப்பதே, எது கடினமான பாதி என்பதைச் சொல்லிவிடுகிறது.

இறங்கும்போது பிரேக் ஏன் கைவிடுகிறது?

திருமலை கடல் மட்டத்திலிருந்து சுமார் 850 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து இறங்கும் காரின் வேகத்தைக் காலால் மிதிக்கும் பிரேக்கை மட்டுமே கொண்டு கட்டுப்படுத்தினால், பிரேக் பட்டைகளும் வட்டுகளும் இடைவிடாது உரசிச் சூடேறும். ஓர் அளவைத் தாண்டினால் பட்டைகளின் பிடி தளரும். பிரேக் எண்ணெய் பழையதாக இருந்தால் அது கொதித்துக் குமிழிகள் உண்டாகும். அப்போது மிதித்தாலும் பெடல் மெத்தென்று உள்ளே போகுமே தவிர, வாகனம் நிற்காது. கருகிய வாடை வருவதே முதல் எச்சரிக்கை.

இதற்கான தீர்வு எளியது. இறக்கம் தொடங்கும் முன்பே இரண்டாம் கியருக்கு மாற்றிவிட வேண்டும்; கொண்டை ஊசி வளைவில் தேவைப்பட்டால் முதல் கியர். வாகனத்தின் வேகத்தை இன்ஜினே பிடித்து வைக்கும். பிரேக்கை வளைவுக்கு முன்னால் அழுத்தி வேகத்தைக் குறைத்து, பிறகு விட்டுவிட வேண்டும். தொடர்ந்து மிதித்தபடியே இருக்கக் கூடாது. தானியங்கி கியர் உள்ள கார்களில் ‘எல்’ அல்லது கைமுறை நிலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மின்சாரக் கார்களில் மீளாக்க பிரேக் இந்தப் பணியைச் செய்யும். ஆனால் பேட்டரி முழுவதுமாக நிரம்பியிருந்தால் அதன் திறன் குறையும் என்பதால், இறங்கும் முன் மேலேயே முழு சார்ஜ் ஏற்ற வேண்டாம்.

எரிபொருள் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விடுவதும் இன்ஜினை நிறுத்திவிட்டு உருட்டுவதும் உயிரோடு விளையாடுவதற்குச் சமம். இன்ஜின் நின்றால் பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் கிடைக்கும் துணைவிசை போய்விடும். கருகிய வாடை வந்தால் பாதுகாப்பான அகலமான இடத்தில் ஒதுங்கி, குறைந்தது அரை மணி நேரம் ஆறவிட வேண்டும். சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது. வட்டு வளைந்துவிடவோ விரிசல் விடவோ கூடும்.

பழக்கமான ஓட்டுநர்களுக்கும் இந்தப் பாதை சவாலானதே. 2023 மே மாதம், இறங்கும் பாதையில் மின்சாரப் பேருந்து ஒன்று கட்டுப்பாட்டை இழந்து பள்ளத்தில் கவிழ்ந்து பக்தர்கள் காயமடைந்தனர். மலைப்பாதையை வாழ்நாளில் முதன்முறையாகச் சந்திக்கும் ஓட்டுநர், உறக்கமில்லாத கண்களோடு அதில் இறங்குவது எவ்வளவு ஆபத்தானது என்பதை இதிலிருந்தே உணரலாம்.

மழையும் வனவிலங்கும்

அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான பருவமழைக் காலத்தில் பாறைகள் சரிவதுண்டு. 2021 டிசம்பர் தொடக்கத்தில் பெரும் பாறைகள் விழுந்து ஏறும் பாதை சேதமடைந்தது. அத்தகைய நாள்களில் ஒரே பாதையில் இருபுறமும் வாகனங்கள் விடப்படலாம். ‘இது ஒருவழிப் பாதைதானே’ என்ற எண்ணத்தோடு வளைவில் முந்தக் கூடாது.

2023 ஆகஸ்டில் அலிபிரி நடைபாதையில் சிறுத்தை தாக்கி 6 வயதுச் சிறுமி உயிரிழந்ததைத் தொடர்ந்து, நடந்து செல்வோருக்கும் இருசக்கர வாகனங்களுக்கும் நேரக் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. இந்த நேரங்கள் சூழலுக்கேற்ப மாற்றப்படுகின்றன. நள்ளிரவையொட்டிய சில மணி நேரம் மலைப்பாதை மூடப்படுவதும் உண்டு. இருசக்கர வாகனத்தில் செல்வோர் பகல் வெளிச்சத்திலேயே ஏறி இறங்கும்படி திட்டமிட வேண்டும். படம் எடுக்கவோ, குரங்குகளுக்கு உணவளிக்கவோ மலைப்பாதையில் வாகனத்தை நிறுத்தக் கூடாது.

மேலே சென்ற பின்

கோயிலைச் சுற்றியுள்ள நான்கு மாட வீதிகளில் வாகனங்களுக்கு அனுமதி இல்லை. நிறுத்துமிடத்தில் காரை விட்டுவிட்டு, தேவஸ்தானத்தின் இலவசப் பேருந்தான தர்ம ரதத்தில் திருமலைக்குள் சென்று வரலாம்.

தரிசனத்துக்குச் செல்லும் முன் கைப்பேசிகளை ஒப்படைத்துவிட வேண்டும். ஆகவே கார் நிற்கும் இடத்தைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்தால் மட்டும் போதாது. நிறுத்துமிடத்தின் பெயர், வாகன எண், குடும்பத்தினர் இருவரின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, முதியோர், சிறுவர் உட்பட ஒவ்வொருவரிடமும் கொடுத்து வைக்க வேண்டும். கூட்டத்தில் பிரிந்தவர்கள் ஒன்றுசேர அந்தத் தாள் உதவும்.

தரிசனம் முடிந்ததும் உடனே சாவியைக் கையில் எடுக்காமல், ஓட்டுநர் உணவருந்திச் சில மணி நேரமாவது உறங்கிய பிறகு இறங்க வேண்டும். ஓட்டத் தெரிந்த இருவர் குழுவில் இருந்தால், ஒருவர் மலைப்பாதையையும் மற்றவர் நெடுஞ்சாலையையும் ஏற்கலாம். நள்ளிரவுக்குப் பின் விடியும் வரையிலான நேரத்தில் உறக்கம் மிகுதியாக அழுத்தும். அந்த நேரத்தில் நகரி, சித்தூர்ச் சாலைகளில் ஓட்டுவதைவிட, திருப்பதியிலேயே தங்கி விடிந்ததும் புறப்படுவது மேல். வேலைக்கு ஒரு நாள் விடுப்பு கூடுதலாக எடுக்க வேண்டியிருந்தாலும், அதைப் பயணத் திட்டத்திலேயே சேர்த்துவிட வேண்டும். தனியாக ஓட்ட வேண்டிய நிலையில் இருப்போருக்குச் சென்னை, காட்பாடி ஆகிய இடங்களிலிருந்து திருப்பதிக்கு ரயில் வசதியும் உள்ளது.

அவசர உதவிக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108, தேசிய நெடுஞ்சாலையில் வாகனம் பழுதானாலோ விபத்து நேர்ந்தாலோ 1033 ஆகிய எண்களை அழைக்கலாம். தரிசனம், மலைப்பாதை நேரம் குறித்த விவரங்களைத் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் 155257 என்ற எண்ணில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.